ஏழு நிமிடக் கடன்

முதலில் கண்டுபிடித்தது நானல்ல, ஜெஸீமா.
ஏழாம் விடுதியிலிருந்து சீட்டோடு வந்தாள்:
"நான் இன்னும் ஊசி குத்தவேயில்ல,
ரத்தம் எடுத்தாச்சு எண்டு இது சொல்லுது."

அப்போது இரவு இரண்டே முக்கால்.
திரையில் இரண்டு ஐம்பத்திரண்டு.
குளிரூட்டி இருமிக்கொண்டிருந்தது,
ஜெனரேட்டர் கொட்டிலடியில் இரண்டு மான்கள்
வாழைப்பழத் தோலுக்காக நின்றன.

ஆறு கிழமைக்கு முன்
கொழும்பில் யாரோ பாதுகாப்பு என்று சொல்லி
நூற்றிருபத்து மூன்றாம் வாசலை அடைத்திருக்கிறார்.
நேரம் வந்துபோகிற வாசல் அது.
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
வெளியே கேட்க வழியில்லாமல்
பெட்டி தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது,
உள்ளே கிடக்கும் பளிங்குக் குருணையை நம்பி.
அதற்கு வெக்கைக்கு ஒரு கணக்கு, குளிருக்கு ஒரு கணக்கு.
ஒரு நாளைக்குப் பத்து நொடி அவசரம்.
நாற்பத்திரண்டு நாள்.

ஒற்றைக் கட்டளையில் பின்னால் இழுத்துவிடலாம்.
இழுத்தால்
இரண்டே முக்கால் இரண்டு தரம் வரும்.
எழுதிக் கொடுக்க முன்னமே இன்சுலின் ஏறியிருக்கும்.
பதினோராம் கட்டிலில் காலமானவர்
மூன்று நிமிடம் கழித்துக் கஞ்சி குடித்திருப்பார்.

இழுக்கவில்லை.
விடியக் கொழும்புக்கு எடுத்துச் சண்டை பிடித்து
வாசலைத் திறப்பித்தேன். பிறகு பெட்டியிடம்,
ஒவ்வொரு நொடியிலும் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு
கழித்துக்கொண்டு வா என்றேன்,
கடைக் கொப்பியில் கடன் கழிக்கிற மாதிரி.
பத்து நாள் எடுக்கும்.
யாருடைய நாடிக்கும் அது தெரியவராது.

மூன்றாம் நாள் அன்புவழிபுரத்திலிருந்து சிவயோகன் வந்தார்,
கையில் மகளின் பிறந்த குறிப்பு.
"ஐஞ்சு முப்பத்தொண்டு சரியோ தங்கச்சி?
ரெண்டு நிமிசத்தில லக்கினம் மாறுதாம்."
வாசல் அடைபட்டு இருபத்தொன்பதாம் நாள் பிள்ளை பிறந்தது.
இருநூற்றுத் தொண்ணூறு நொடியைக் கழித்து
ஐந்து இருபத்தாறு என்றேன்.
"அப்ப தாளில இருக்கிறது பொய்யோ?"
"பொய்யில்லை அண்ணை, பெட்டி அப்பிடித்தான் நினைச்சது."
அவர் உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு
நன்றி சொல்லாமல் போனார்.
தப்பில்லை. அவருக்கு இனி எல்லாம் புதுக் கட்டம்.

நான் பிறந்தது தொண்ணூற்றாறு ஆவணி,
கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கம்.
இக்கரையில் அரசாங்கம் முள்ளை ஒரு மணித்தியாலம்
முன்னால் தள்ளியிருந்தது.
அக்கரையில் தள்ளவில்லை.
அம்மா பென்சிலில் எழுதிவைத்தாள்:
4.10, ப.நே.
பழைய நேரம்.

இந்த இயந்திரத்துக்குள் ஒரு கோப்பு இருக்கிறது,
கொழும்பின் நேரம் எப்போதெல்லாம் மாறியது என்று.
தொண்ணூற்றாறு வைகாசி. அதே ஆண்டு ஐப்பசி.
இரண்டாயிரத்தாறு சித்திரை.
நொடி பிசகாத வரிசை.
நேற்றுத் திறந்து பார்த்தேன்.
ப.நே. இல்லை.
அம்மாவின் பென்சிலை அதனிடம் கொடுத்தால்
ஒரு மணித்தியாலம் முன்னரே
என்னைப் பிறக்கவைத்துவிடும்,
அம்மாவுக்கு இன்னும் வலி பிடிக்காத நேரத்தில்.

மூடிவிட்டேன். அதற்கு நான் முறைப்பாடு எழுத முடியாது.
காசளவு பட்டரி ஒன்று மாற்ற வேண்டியிருந்தது,
மத்திய வீதியில் ரிமோட் விற்கிற கடையில் வாங்கினேன்.
பற்றுச்சீட்டுத் தரவில்லை.

பத்தாம் இரவு.
வித்தியாசம்: பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் மூன்று.
ஜெஸீமா எட்டிப் பார்த்தாள். "இப்ப சரியா?"
"இப்ப சரி. நாளைக்கும் கேட்டுப் பார்க்கோணும்."
அவளுடைய மணிக்கட்டில் இரண்டு நிமிடம் கூட நின்றது.
விரல் நீட்டினேன்.
"இதத் தொடாதீங்க," கையை இழுத்துக்கொண்டாள்,
"கிண்ணியா பஸ்ஸுக்கு வச்சது."